அன்புச்சோலை

மக்கள் வாழ்வு இளமை, நடுவயது, முதுமை என முப்பருவங்களை உடையது. இளமை கற்றற்கு உரியது. நடுவயது உழைத்தற்கு உரியது. முதுமை ஓய்ந்திருத்தற்கு உரியது என்று பலரும் கருதுவர். இக்கருத்தின் இறுதிப் பகுதி ஆராய்தற்குரியது. ஓய்வு வேறு; ஒதுக்கம் வேறு. முதியோரின் உடல் ஓய்வை நாடும். அவர்தம் உள்ளமோ ஒதுக்கத்தைப் பொறாது. இவ்வேறுபாட்டை அறியாமையால், நன்மக்கள் வாழும் இல்லங்களிலும் முதியோர் வாடுதல் உண்டு.

சென்னைக்கு மேற்கே உள்ள ஆவடி ஓர் உழைப்பாளர் நகரம். 1955 ஆம் ஆண்டில் இங்குக் கூடிய காங்கிரசுப் பேரவையால் இதன் பெயர் நாடெங்கும் பரவிற்று. பின்னர்க் கனரக வாகனத் தொழிற்சாலை இங்கு எழுந்தது. விஜயந்தா என்னும் டாங்கி 1965 இல் இங்கிருந்து வெளிவந்தது. படைவீரர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் இவ்வூரில் உண்டு. இத்தொழிற்சாலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் இந்நகரிலேயே வீடு கட்டி வாழ்கின்றனர். 2019 இல் ஆவடி மாநகராட்சியாயிற்று.

இத்தகைய நகரில் வாழும் முதியவர் ஒருவரை மனக்கண்ணால் காண்போம். முப்பத்தைந்து ஆண்டுகள் குறித்த வேளையில் எழுந்து, குறித்த வேளையில் பணிக்குச் சென்றவர் அவர். இன்றும் அவர் ஐந்து மணிக்கே விழித்தெழுகின்றார். ஆனால், அவர் செல்லவேண்டிய இடம் ஒன்றும் இல்லை. மகனும் மருமகளும் அலுவலகத்திற்கு விரைகின்றனர். பேரன் பள்ளிக்குச் செல்கின்றான். வீடு அடங்கி விடுகின்றது. வேளைக்கு உணவு உண்டு, மருந்தும் உண்டு. ஆயினும், “இன்று என்ன செய்தீர்கள்?” என்று வினவுவார் இலர். வினவினும் விடையிறுக்க அவரிடம் செய்தி இல்லை. முதியவளான தாயின் நிலையும் இதுவே. உண்டி குறைந்தால் உடல் மெலியும். உரையாட்டுக் குறைந்தால் உள்ளம் மெலியும்.

இந்நிலை ஒருவர் இருவர்க்கு நேர்வது அன்று. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அது 70 ஆண்டுகளை ஒட்டியுள்ளது. 2011 ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, அறுபது வயதைக் கடந்தோர் இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் இருந்தனர். தமிழ்நாட்டிலோ பத்துப் பேருள் ஒருவர் அவ்வயதினர். உலக மக்களுள் ஆறு பேரில் ஒருவர் தனிமைத் துயருக்கு ஆளாகின்றார் என்று உலக நல நிறுவனம் 2025 இல் அறிவித்தது. மருத்துவம் நமக்கு ஆண்டுகளைக் கூட்டித் தந்தது. அவ்வாண்டுகளைப் பயனுடையன ஆக்குதல் சமுதாயத்தின் கடமை அன்றோ?

இக்கடமையை உணர்ந்து வகுக்கப்பட்டதே ‘அன்புச்சோலை’ என்னும் திட்டம். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய்ச் செலவில் இத்தகைய மையங்கள் 25 அமைக்கத் திட்டமிட்டு, 2025 நவம்பர் 10 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் அவற்றைத் தொடங்கி வைத்தது. மதுரை, கோயம்புத்தூர், தாம்பரம் முதலியவற்றோடு ஆவடியும் இத்திட்டத்தில் இடம் பெற்றது. முதியோர் பகலில் இங்கு வந்து கூடியிருந்து, மாலையில் தத்தம் இல்லம் திரும்புவர். கேரள நாட்டில் இத்தகைய இடத்தைப் ‘பகல்வீடு’ என வழங்குவர்.

முதியோர் கூடும் மன்றங்களில் நிகழ்வன மூன்று: விளையாட்டு, கல்வி, தொண்டு.

முதலாவது விளையாட்டு. பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலியாட்டமும் சதுரங்கமும் முதியோர்க்கு ஏற்றவை. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளிலும் காய்களை எண்ணி எண்ணி இடுங்கால் விரல்கள் இயங்குகின்றன. எதிராளியின் அடுத்த ஆட்டத்தைக் கருதுங்கால் மனம் இயங்குகின்றது. எனினும், ஆட்டத்தின் தலையாய பயன் இவை அல்ல. ஆட்டத்திற்கு எதிரே ஒருவர் வேண்டும். அவர் ஒருநாள் வாராவிடின், “ஏன் வரவில்லை?” என்று கேட்க மற்றவர் இருப்பார். தம் வருகையை ஒருவர் எதிர்பார்க்கின்றார் என்னும் எண்ணமே முதியவரை எழுந்து நடக்கச் செய்யும் ஊன்றுகோல் ஆகும்.

இரண்டாவது கல்வி. கற்றற்கு வயது தடை என்பார், கார்த்தியாயினி அம்மையின் வரலாற்றை அறிதல் வேண்டும். அவர் கேரளத்து ஆலப்புழை மாவட்டத்தவர். இளமையில் பள்ளிக் கல்வி பெறாதவர். 2018 இல், தமது 96 ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். அவருக்கு எழுதப் பயிற்சி அளித்தவருள் அவர்தம் கொள்ளுப்பேரக் குழந்தைகளும் இருந்தனர் என்பது இளைஞர் நினைவில் கொள்ளத்தக்கது. 2020 இல் குடியரசுத் தலைவரிடம் மகளிர்க்குரிய உயரிய விருதைப் பெற்ற அவ்வம்மையார், 2023 இல் மறைந்தார். மராட்டிய மாநிலத்துத் தானே மாவட்டத்தில் பாங்கணே என்னும் சிற்றூரில் 2016 மார்ச் 8 ஆம் நாள் பாட்டிமார்க்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அவர்கள் ஒருநிறச் சேலை உடுத்தி, பையும் பலகையும் ஏந்திப் பாடம் கேட்கச் சென்றனர். கைந்நாட்டு வைத்த கை தன் பெயரை எழுதுங்கால் அடையும் பெருமிதம், பொருளால் பெறற்கரியது.

மூன்றாவது தொண்டு. மன்றத்திற்குத் தொண்டர் தேவை. நாளிதழ் படித்துக் காட்டவும், கைப்பேசியைக் கையாளக் கற்பிக்கவும், வங்கியின் மறை எண்ணைப் பிறர்க்கு உரைத்து ஏமாறாவண்ணம் எச்சரிக்கவும் மாணவர் முன்வரலாம். ஆயினும், தொண்டு செய்வோர் இளையோர், பெறுவோர் முதியோர் என்று கொள்ளுதல் தவறு. ஓய்வு பெற்ற ஆசிரியர் மாணவர்க்குக் கணக்கு விளக்குவார். தொழிற்சாலையில் இருந்தவர் பழுதுற்ற மின்விசிறியைச் சீராக்கக் கற்பிப்பார். கைதேர்ந்த மூதாட்டி தையலும் சமையற் பக்குவமும் சொல்லித் தருவார். பெறுதல் ஒன்றே உடையவர் நாணித் தாழ்வர். கொடுக்கவும் வாய்ப்புடையவர் தலைநிமிர்வர். ஆதலின், முதியவரைத் தொண்டராக்குதலே அவர்க்குச் செய்யும் தலைசிறந்த தொண்டு.

“பெற்றோரை மன்றத்திற்கு அனுப்புதல் மக்களுக்கு இழுக்கன்றோ?” என்று வினவுவோரும் உளர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் அதனைக் கைவிட்டவர் ஆகார். அதுபோன்றே, மகிழ்ந்து செல்லும் பெற்றோரை மன்றத்திற்கு அனுப்பும் மக்களும் பழிக்கப்படார். மாலையில் அவர் திரும்புங்கால் அவர்தம் சொல்லைக் கேட்க ஒருவரும் இலர் எனின், அதுவே இழுக்கு. மன்றம் இல்லத்திற்குத் துணையேயன்றி, இல்லத்திற்கு ஈடு ஆகாது.

ஐக்கிய நாடுகள் அவை அக்டோபர் 1 ஆம் நாளை உலக முதியோர் நாளாகக் குறித்துள்ளது. அந்நாளில் மட்டும் மாலையிட்டுப் போற்றுதல் போதாது. பள்ளியிலிருந்து திரும்பும் மாணவன் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு, “தாத்தா, இன்று ஆட்டத்தில் வென்றவர் யார்?” என்று கேட்பானாயின், அவ்வீட்டிலும் ஓர் அன்புச்சோலை தழைக்கும்.