விடுதியும் வீடும்

'வீடு', 'விடுதி' ஆகிய இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. 'சுடு' என்பது 'சூடு' ஆவதைப் போல, 'விடு' என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு 'வீடு' ஆனது. 'தொகு' என்பது 'தொகுதி' ஆவதைப் போல, அதே வினை 'தி' விகுதி பெற்று 'விடுதி' ஆனது. சுமையை இறக்கிவிட்டு இளைப்பாறும் இடம் என்று இரண்டிற்கும் பொருள் கொள்ளலாம். நகரத்தில் நடுத்தர விலையில் ஒரு தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுக்கவும் இப்பொருளே நல்ல அளவுகோலாகும்.

இதை நாம் ஏன் கற்க வேண்டும்? பட்டமளிப்பு விழாவிற்காகத் தோட்டத்திலிருந்தும் சிற்றூரிலிருந்தும் நம் பெற்றோர் தலைநகருக்கு வருகிறார்கள். அவர்களுள் பலருக்கு விடுதியில் தங்கும் முதல் இரவு அதுவாகவே இருக்கலாம். அந்த இரவு இனிதாக அமைவது பெரும்பாலும் நம் முன்னேற்பாட்டைப் பொறுத்தது.

இடம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 2001இல் திறக்கப்பட்ட கேஎல் சென்ட்ரல் நிலையம் இங்குதான் உள்ளது. ஈப்போ, சுங்கை பட்டாணி போன்ற வடபகுதி ஊர்களிலிருந்து வரும் இடிஎஸ் ரயில், கொமுட்டர், எல்ஆர்டி, விமான நிலைய ரயில் யாவும் இங்கே கூடுகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லப் பயன்படும் 'யுனிவர்சிட்டி' நிலையம், எல்ஆர்டி தடத்தில் இங்கிருந்து நான்காவது நிறுத்தம். 2010இல் 'லிட்டில் இந்தியா'வாகத் திறப்பு விழா கண்ட துன் சம்பந்தன் சாலையும் நடந்து செல்லும் தூரத்தில்தான். வாழையிலைச் சாப்பாடும் மாலை கட்டும் கடைகளும் அங்கே உண்டு. மொழி தெரியாத இடத்தில் தவிக்கிறோம் என்ற எண்ணம் பெற்றோருக்கு வராது.

கணக்கு

புறநகர் விடுதியில் அறை வாடகை 120 ரிங்கிட், நிலையத்தின் அருகில் 180 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 2024 மார்ச் முதல் சேவை வரி 8 விழுக்காடு. அதைச் சேர்த்தால் முறையே 129.60, 194.40 ரிங்கிட் ஆகும். வேறுபாடு 64.80 ரிங்கிட். புறநகரிலிருந்து நான்கு முறை வாடகைக் காரில் செல்ல, தலா 20 ரிங்கிட் என்றாலும் 80 ரிங்கிட் ஆகிவிடும். மலிவு என்று நினைத்தது மலிவன்று என்பது இதனால் விளங்கும். 2017 முதல் வெளிநாட்டினரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் பெறப்படுகிறது. மலேசியக் குடிமக்களுக்கு அவ்வரி இல்லை. ஆகவே, அடையாள அட்டையை எடுத்துவரச் சொல்ல வேண்டும்.

வசதி

நடுத்தர விடுதியில் நீச்சல் குளத்தைத் தேட வேண்டியதில்லை. சுத்தமான படுக்கை, சுடுநீர், அமைதி ஆகிய மூன்றும் போதும். முன்பதிவின்போது அறையில் சன்னல் உண்டா எனக் கேட்க வேண்டும். நகர நடுவில் சன்னல் இல்லாத அறைகளும் வாடகைக்கு விடப்படுகின்றன. சாலை இரைச்சல் எட்டாத பின்பக்க அறையைக் கேட்பது நலம். பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். மறுநாள் நண்பகல் 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். ஆகவே, காலையில் விழா என்றால் முதல் நாளே தங்குவதுதான் முறை. அறையைக் காலி செய்த பிறகு பைகளை முகப்பில் விட்டுச் செல்ல முடியுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. முகப்பில் வைப்புத்தொகை கேட்கும்போது பெற்றோர் கலங்குவது உண்டு. அது அறையை ஒப்படைக்கும்போது திரும்பக் கிடைக்கும் பணம் என்பதை முன்பே சொல்லி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். முடிந்தால் நாமே உடன் சென்று அறைக்கதவைத் திறந்து காட்டி, சுடுநீர்க் குழாயையும் விளக்குப் பொத்தானையும் இயக்கிக் காட்ட வேண்டும்.

நம்மைப் படிக்க வைக்கப் பல ஆண்டுகள் சுமை சுமந்தவர்கள் அவர்கள். அச்சுமையை ஓர் இரவாவது இறக்கி வைக்க அவர்களுக்கு இடம் தேடித் தருவோம். 'விடுதி' என்னும் சொல்லுக்கு அப்போதுதான் முழுப்பொருள் கிட்டும்.