கோளுக்குக் கோள் எடை

செங்கற்பட்டு மாவட்டத்தில் கல்பாக்கத்திற்கு அணித்தாக அணுபுரம் என்னும் ஊர் உள்ளது. அணு ஆற்றல் துறையில் பணிபுரிவோர் வாழும் குடியிருப்பு அது. அங்கிருந்து மாமல்லபுரம் நெடுந்தொலைவன்று. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் கண்டு களித்த சிறுவர்கள், குன்றின் சரிவில் நிற்கும் ஓர் உருண்டைப் பாறையைக் கண்டதும் சற்றே தயங்கி நிற்பார்கள். இதோ, இப்பொழுதே உருண்டு விழப்போகிறது என்னும்படி அப்பாறை நிற்கிறது. கண்ணனுடைய வெண்ணெய் உருண்டை என்று அதனை மக்கள் அழைப்பர். உயரம் ஏறத்தாழ 6 மீட்டர். அகலம் 5 மீட்டர். எடை 250 டன் அளவு என மதிப்பிட்டுள்ளனர். பெயரிட்டவர் வடிவத்தை மட்டும் நோக்கினார் போலும்! வெண்ணெயின் மென்மைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

1908ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி என்பவர், இப்பாறை உருண்டு வந்து கேடு விளைக்கும் என்று அஞ்சி, ஏழு யானைகளைக் கொண்டு இதனை இழுத்து அகற்ற முயன்றார் என்று கூறுவர். யானைகள் இழுத்தன; பாறை அசையவில்லை. இன்றும் அது அவ்விடத்திலேயே நிற்கிறது.

நிலவில் எல்லாப் பொருள்களின் எடையும் குறையும் என்று மாணவர்கள் கேள்வியுற்றிருப்பார்கள். அங்ஙனமாயின், இதே பாறை இதே சரிவுடன் நிலவில் இருந்தால் அந்த ஏழு யானைகளும் அதனை இழுத்துவிடுமா? எளிய வினாப்போல் தோன்றுகிறது. விடை கூறுமுன் எடை என்பது யாதென அறிதல் வேண்டும்.

உலகிலுள்ள பொருள் ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தன்பால் ஈர்க்கிறது. இவ்வுண்மையை நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். மிகச் சிறிய அணுவும் ஈர்க்கவே செய்கிறது. ஆயின் அவ்வீர்ப்பு நமக்குப் புலப்படாது. எண்ணற்ற அணுக்கள் திரண்டு ஒரு கோளாகும்போது, அவற்றின் ஈர்ப்பெல்லாம் ஒன்றுகூடிப் பெருவலிமை பெறுகின்றன. புவி நம்மை இழுக்கும் அந்த இழுப்பையே நாம் எடை என்கிறோம். பொருளில் அடங்கியுள்ள சரக்கின் அளவோ நிறை எனப்படும். நிறை எங்குச் சென்றாலும் மாறாது. எடை இடத்திற்கேற்ப மாறும்.

அரிசிக் கடையில் உள்ள இருதட்டுத் தராசை நிலவுக்குக் கொண்டு செல்வதாகக் கொள்வோம். ஒரு தட்டில் ஒரு கிலோ அரிசியும் மறுதட்டில் ஒரு கிலோ படிக்கல்லும் வைத்தால், முள் நடுவிலேயே நிற்கும். இரண்டின் எடையும் ஒருசேரக் குறைந்தன அன்றோ? சுருள்வில் தராசில் அவ்வரிசியைத் தொங்கவிட்டாலோ, ஆறில் ஒரு பங்கே காட்டும். இரண்டு தராசும் பொய் சொல்லவில்லை. ஒன்று நிறையை ஒப்பிடுகிறது; மற்றொன்று இழுப்பை அளக்கிறது.

ஆறில் ஒரு பங்கு என்பது எவ்வாறு வந்தது? நிலவின் நிறை புவியின் நிறையில் 81இல் ஒரு பங்கே. இதை மட்டும் நோக்கினால் எடையும் 81இல் ஒரு பங்காகக் குறைதல் வேண்டும். ஆனால் நிலவு சிறியது. புவியின் மேற்பரப்பில் நிற்பவன் அதன் மையத்திலிருந்து 6371 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறான். நிலவில் நிற்பவன் அதன் மையத்திலிருந்து 1737 கிலோமீட்டரே தள்ளி நிற்கிறான். தொலைவு இருமடங்கு குறைந்தால் ஈர்ப்பு நான்கு மடங்கு மிகும். மும்மடங்கு குறைந்தால் ஒன்பது மடங்கு மிகும். இங்குத் தொலைவு ஏறக்குறைய 3.67 மடங்கு குறைவதால், ஈர்ப்பு பதின்மூன்றரை மடங்கு மிகுகிறது. 81ஐப் பதின்மூன்றரையால் வகுத்துப் பார்க்க, ஆறு வரும்.

நிறை, தொலைவு ஆகிய இவ்விரண்டும் போட்டியிடுவதைச் சனிக்கோளில் நன்கு காணலாம். அதன் நிறை புவியைப்போல் 95 மடங்கு. அங்கு நம் எடை மலைபோல் பெருகும் என எண்ணுவோம். அன்று! அதன் ஆரமும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டிருத்தலால், எடை ஏறத்தாழ இங்குள்ளவாறே இருக்கும். புதன், செவ்வாய் ஆகிய இரண்டிலும் எடை நூற்றுக்கு 38 பங்கே. புதன் சிறியதாயினும் மிகச் செறிந்தது. வெள்ளியில் பத்தில் ஒன்பது பங்கு. வியாழனிலோ இரண்டரை மடங்கு. ஆங்கு நிற்பதற்குத் தரை இல்லை. அது வாயுத்திரளாகிய கோள். மேகங்களின்மேல் தளம் ஒன்று அமைத்து நின்றால், 30 கிலோ எடையுள்ள சிறுவன் 75 கிலோவாக உணர்வான். 45 கிலோ மூட்டையைத் தலைமேல் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளில் ஏறுபவன் படும் பாட்டை அவன் வெறுங்கையுடன் ஏறும்போதே படுவான்.

இனி யானைகளிடம் செல்லலாம். நிலவில் மூச்சுவிடக் காற்றில்லை என்பதைச் சற்று மறந்திருக்க. பாறையின் எடை 42 டன்னுக்கும் குறைந்துவிட்டது. ஆதலின் அது சரிவை அழுத்தும் அழுத்தமும், அதனை அங்கே பிடித்து நிறுத்தும் உராய்வும் ஆறில் ஒரு பங்காயின. ஆனால் யானை எதனால் இழுக்கிறது? உடல்வலிமை மட்டும் போதாது. கால் தரையைப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். அப்பற்றும் உராய்வே. யானையின் எடை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தபோது அதன் காற்பிடியும் அவ்வாறே குறைந்தது. புவியில் தோற்ற யானைகள் நிலவிலும் கால் வழுக்கித் தோற்றே நிற்கும்!

தூக்குவது வேறு. இங்கே 10 கிலோ தூக்கக்கூடிய சிறுவன் அங்கே 60 கிலோ மூட்டையைத் தூக்குவான். அவன் தோள்வலிமை குறையவில்லை. ஆயினும் விரைந்துவரும் அம்மூட்டையைக் குறுக்கே நின்று தடுக்க முயன்றால், இங்கு விழும் அடியே அங்கும் விழும். அதன் நிறை மாறவில்லை.

யானைக்கு நேர்ந்த இவ்விடர் கற்பனையன்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் நிலவில் ஆறு சக்கர ஊர்தி ஒன்றை ஓட்ட விரும்பியபோது இதையே எதிர்நோக்கினர். நிலவின் புழுதிமண்ணில் இலேசான ஊர்தியின் சக்கரங்கள் பற்றி உருளுமா, வீணே சுழலுமா? சந்திரயான்-2 திட்டத்தின்போது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் நிலவின் மண்ணை ஒத்த பாறை கிடைத்தது. அதைப் பொடியாக்கிப் பரப்பி, ஊர்தியை அதன்மேல் ஓட்டிப் பார்த்தனர். மண் கிடைத்தது, நிலவின் ஈர்ப்புக்கு எங்கே போவது? ஹீலியம் நிரப்பிய பலூன் ஒன்றை ஊர்தியுடன் கட்டினர். பலூன் மேலே இழுக்க, சக்கரங்கள் மண்ணை மெல்லவே அழுத்தின.

2019ஆம் ஆண்டு செப்டம்பரில் சந்திரயான்-2இன் இறங்குகலம் நிலவில் மோதிச் சிதைந்தது. ஊர்தியும் அதனோடு அழிந்தது. விழுப்புரத்தில் பிறந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023ஆம் ஆண்டு ஆகத்து 23ஆம் நாள் மாலை மெல்ல இறங்கியது. அதிலிருந்து வெளிப்பட்ட பிரக்யான் ஊர்தியின் நிறை 26 கிலோ. அங்கு அதன் எடையோ இங்குள்ள நாலரைக் கிலோப் பொருளுக்கும் குறைவு. சக்கரங்கள் சுழன்றன, மண்ணைப் பற்றின, ஊர்தி நூறு மீட்டருக்கு மேல் ஊர்ந்து சென்றது.