எப்படி வந்தது? ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர்

கேள்வி: வாப்பா ஓட்டிய அம்பாசடர் இன்னும் எங்கள் வீட்டில் நிற்கிறது. டிசம்பரில் அதில் ஊட்டிக்குப் போகிறோம் என்றதும், “வெறும் தண்ணியோட போகாதீங்க, கூலண்ட் ஊத்துங்க” என்கிறார் மெக்கானிக். தண்ணீர் உறைந்தால் எஞ்சினுக்கு என்ன ஆகும்? (காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். ஃப்ரீசரில் மறந்து வைத்த சோடா பாட்டில் உடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். எஞ்சின் பிளாக்குக்குள் சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் தண்ணீர் இப்படிப் பருத்தால் வார்ப்பிரும்பு வளைந்து இடம் கொடுக்காது, விரிசல்தான் விடும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அதற்கும் முன்பே பிளந்துவிடலாம்.

உதகைப் பக்கம் தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் நாட்களும் உண்டு. ஓரிரு மணி நேர உறைபனியில் பிளாக் பிளப்பது அரிதுதான். ஆனால் உற்பத்தி 2014-ல் நின்றுபோன ஒரு காரை வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சை வேண்டாமே.

கேள்வி: கூலண்ட் வருவதற்கு முன் குளிர்நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்?

பதில்: இரவானால் தண்ணீரைத் திறந்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றிக் கிளப்பினார்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் இதற்கென்றே இரண்டு திருகுக் குழாய்கள் இருந்தன: ரேடியேட்டர் அடியில் ஒன்று, பிளாக்கில் ஒன்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசடர் பிறந்ததும் அந்தக் குடும்பத்தில்தான். ஒன்றை மட்டும் திறந்துவிட்டுத் தூங்கப் போனால் மிச்சத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.

தினமும் இப்படித் திறந்து மூடச் சலித்தவர்கள் தண்ணீரில் எதையாவது கலந்து பார்த்தார்கள். முதலில் கைக்கு வந்த பொருள்களில் ஒன்று, காயல்பட்டினத்துக்காரர்களுக்கு அறிமுகமே தேவைப்படாத உப்பு! ஆறுமுகநேரி உப்பளத்துக்கு வரும் கடல்நீர் உறைய வேண்டுமானால் மைனஸ் 1.9 டிகிரி வேண்டும். பாத்தியில் நன்றாக முற்றிய உப்புநீர் மைனஸ் 20 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். கரைந்த உப்பு, தண்ணீர் மூலக்கூறுகள் வரிசை கட்டி இறுகுவதைத் தடுத்துவிடுகிறது. குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு கல்லுப்பு போடுவதும் இதே கணக்கில்தான். கார்க்காரர்கள் இன்னும் கடுங்குளிரைத் தாங்கும் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். தண்ணீர் உறையவில்லை, ஆனால் உப்பு இரும்பைத் தின்றது, ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைத்தது.

பிறகு மர ஆல்கஹாலுக்கு மாறினார்கள். எஞ்சின் சூடானதும் அது ஆவியாகிப் போகும். திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டியிருந்தது. கிளிசரினை முயன்றார்கள், தேனைக்கூட ஊற்றிப் பார்த்தவர்கள் உண்டு.

கடைசியில் நிலைத்தது எத்திலீன் கிளைக்கால். பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் அடால்ஃப் வூர்ட்ஸ் இதை 1856-லேயே செய்து காட்டிவிட்டார். அப்போது இதை ஊற்றக் காரே கிடையாது. அமெரிக்காவில் 1927-ல் பிரெஸ்டோன் என்ற பெயரில் டப்பாவில் விற்பனைக்கு வந்த பிறகுதான் கார்க்காரர்களிடம் பரவியது. தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். சரிபாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும் என்பது இதன் விசேஷம். அதனால் டப்பாவில் இருப்பது கெட்டியான கூலண்ட் என்றால், அப்படியே முழுதாக ஊற்றக் கூடாது.

கேள்வி: பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகள், தண்ணீர் உறைந்தால் பிதுங்கி வெளியே வந்து எஞ்சினைக் காப்பாற்றத்தான் என்கிறார்களே?

பதில்: இல்லை. பிளாக்கை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் இடத்தை மணல் அச்சால் நிரப்புவார்கள். வார்த்து முடிந்ததும் அந்த மணலை வெளியே எடுக்க ஓட்டை வேண்டும். அந்த ஓட்டைகளின் மூடிதான் இந்தத் தகடு. நம் மெக்கானிக்குகள் சொல்லும் ‘வெல்ச் பிளக்’, அமெரிக்காவில் வெல்ச் என்ற கார் கம்பெனியில் பிறந்தது. உறைபனியில் சில சமயம் அது பிதுங்கி வருவதும், பிளாக் தப்புவதும் அதிர்ஷ்டம். அதை நம்பி ஊட்டிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ஊட்டியிலிருந்து இறங்கியதும் கூலண்டைக் கொட்டிவிட்டுப் பழையபடி கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா? நம்மூரில் ஏது உறைபனி?

பதில்: தயவுசெய்து வேண்டாம். காயல்பட்டினத்து வெயிலுக்குத்தான் கூலண்ட் இன்னும் அதிகம் தேவை. சரிபாதிக் கலவை, மூடியின் அழுத்தம் இல்லாமலேயே 107 டிகிரி வரை கொதிக்காது. விமானக்காரர்கள் கிளைக்காலைத் தேடிப் போனதே இந்தக் குணத்துக்காகத்தான். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மெர்லின் எஞ்சினில் தொடக்கத்தில் தனிக் கிளைக்காலையே ஓடவிட்டார்கள். தண்ணீரைவிடச் சூடு தாங்கியதால் ரேடியேட்டரைச் சிறியதாக வைக்க முடிந்தது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கும். ஈயப்பற்று வைத்த பழைய ரேடியேட்டருக்குப் பழைய முறைப் பச்சைக் கூலண்டே பொருத்தம். அதை வாலைவடி நீரில் சரிபாதி கலந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்துவிடும் பழைய கூலண்டை முற்றத்தில் விட்டுவைக்காதீர்கள். அது இனிக்கும், ஆனால் கொடிய விஷம். பூனையும் ஆடும் நக்கிவிடும், குழந்தைகள் கையை விட்டுவிடுவார்கள்.

கடலோரக் கிணற்றின் உவர்நீரை ஊற்றினால், அன்று கால்சியம் குளோரைடு செய்த வேலையை அது மெதுவாகச் செய்யும். இரும்புத் தகடாக இருந்தால் வெல்ச் பிளக்கும் உள்ளிருந்தே அரிக்கும். நாளைக் காலை வண்டியைக் கிளப்பும் முன் டார்ச் அடித்து, பிளாக்கில் அந்த வட்டத் தகடுகளுக்குக் கீழே பாருங்கள். செம்பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தால், ஊட்டிப் பயணத்துக்கு முன் அந்தப் பிளக்கை மாற்றச் சொல்லுங்கள்.