மருத்துவக் கடனும் பகுதித் தொகையும்

ஆந்திரப் பிரதேச அரசு 2007-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம் சித்தூர் மாவட்டத்திற்கும் விரிவடைந்தபின், அறுவை சிகிச்சைக்காக நிலத்தை விற்கும் நிலை பல குடும்பங்களுக்குத் தவிர்ந்தது. ஆயினும் வெளியில் வாங்கும் மருந்து, திருப்பதிக்கோ வேலூருக்கோ சென்றுவரும் செலவு, உடன் தங்குபவர் இழக்கும் கூலி ஆகியவை பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. அமெரிக்காவில் மருத்துவமனையே தன் நிலுவையை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைப்பதுண்டு. இங்கோ வாசலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் வட்டிக்கடைக்காரரின் ஆள், அல்லது நுண்கடன் நிறுவனத்தின் ஊழியர்.

முழுத் தவணை இயலாதவர் கையில் உள்ளதைக் கொடுக்கிறார். அத்தொகை எக்கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதே முக்கியம். வேறு உடன்பாடு இல்லையெனில் அது முதலில் வட்டிக்கே செல்லும். 24 சதவீத ஆண்டு வட்டியில் 30,000 ரூபாய் கடனுக்கு மாத வட்டி 600 ரூபாய். மாதம் 500 ரூபாய் கட்டுபவரின் அசல் ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஒருவரிடமே பல கடன்கள் இருப்பின், எதற்காகக் கட்டுகிறோம் என்று கூறும் உரிமையை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு கடனாளிக்கே அளிக்கிறது. அவர் வாய் திறவாவிடில் தேர்வு கடன் கொடுத்தவருடையது.

பிராமிசரி நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பம் வாங்குவது வெறும் சம்பிரதாயமன்று. காலவரையறைச் சட்டம் 1963, 19-ஆம் பிரிவின்படி, மூன்றாண்டுக் கெடு முடியுமுன் அவ்வாறு பதிவாகும் பகுதித் தொகை, கெடுவைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறது. நூறு ரூபாய்க்கும் இது பொருந்தும். கடனைத் திருப்பித் தருவது தவறன்று. ஆனால் இதை அறியாமல் கையெழுத்திடுவது அறிவுடைமையாகாது.

வசூல் முறைகேடுகள் பற்றிய புகார்களையடுத்து, மாநில அரசு 2010 அக்டோபரில் நுண்கடன் நிறுவனங்களுக்கெதிராக அவசரச் சட்டம் பிறப்பித்தது. வற்புறுத்தல் குறைந்தது, புதுக்கடனும் வறண்டு, சிலர் மீண்டும் வட்டிக்கடையை நாடினர். ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த நெறிகளோ, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாதக் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்றன. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைப்பதையும், உறவினரைத் தொல்லைப்படுத்துவதையும் தடுத்தன. செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் ஒப்புகை பெறும் கடன் அட்டை, கடனாளிக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். நகரி, சத்தியவேடு பகுதிகளில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் அதனைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம்.