பழைய ஜீப்புக்கு எந்தச் சாமான்? மலைச்சரிவு வண்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போவதும், காயும் உரமும் சுமப்பதும் ஜீப்பின் வேலை. அந்த வேலையில் தேய்ந்து ஷெட்டு மூலையில் நிற்கும் மஹிந்திரா ஜீப்பைக் கம்பெனியிலிருந்து வந்த கோலத்துக்குத் திருப்ப நினைப்பவர்கள், பாடிக்கும் இன்ஜினுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். டிங்கரிங், பெயிண்டிங், லேத் வேலை எல்லாவற்றுக்கும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். கணக்கில் வராதவை சின்னச் சாமான்கள்: பானெட்டைப் பூட்டும் கொக்கி, முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடிக்கும் போல்ட்டு, பின்விளக்கு, டேஷ்போர்டில் ரிவெட் அடித்த தகடு, ரேடியேட்டர் ஹோஸின் கிளாம்ப், ஒரு வாஷர். வண்டியைப் பிரித்ததும் முதலில் தொலைவது இவைதான். வண்டி முடிந்து வரும்போது அதன் வயதையும் பிறப்பையும் சொல்லப்போவதும் இவைதான். இவை ஒவ்வொன்றுக்கும் நான்கு வழிகள் உண்டு. வண்டியோடு வந்ததைச் சரிசெய்து போடலாம், விற்காமல் கிடந்த பழைய சரக்கையோ கழித்த வண்டியின் சாமானையோ தேடலாம், உள்ளூரில் புதிதாக வாங்கலாம் அல்லது செய்யலாம், வெளிநாட்டு மறுதயாரிப்பை வரவழைக்கலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேலே சொன்ன வரிசைதான் சரியான வரிசை. உயிரைத் தாங்கும் சாமான்களுக்கு மட்டும் அது பொருந்தாது.

எது சரியான சாமான் என்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். அமெரிக்காவில் 1960களின் மஸ்டாங், கமாரோ போன்ற வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் போல்ட்டுத் தலையின் முத்திரையையும், வார்ப்பில் பதிந்த தேதிக் குறியையும், தொழிற்சாலையில் சோதித்தவர் இழுத்த சாக்குக் கோட்டையும்கூட விடாமல் பார்ப்பார்கள். அந்தக் கண்டிப்பு நமக்கும் வேண்டும். ஆனால் அவர்களுடைய பட்டியலை அப்படியே எடுத்து நம் ஜீப்பின் மேல் போட முடியாது. இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். 'ஒரிஜினல்' என்றால் அமெரிக்க வில்லிஸ் என்று எண்ணி, வில்லிஸ் கையேட்டைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைக்கிறார்கள். மஹிந்திரா 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. உயரமான பானெட் கொண்ட சி.ஜே.3பி அமெரிக்காவில் 1953இல் வந்தது. இன்டேக் வால்வு தலையிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் உள்ள ஹரிக்கேன் இன்ஜினுக்கு இடம் கொடுக்கத்தான் அந்த உயரம். 1968இல் அங்கே அதை நிறுத்திவிட்டார்கள். இங்கே அதே முகம் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடியது. நம் மலையில் நிற்கும் ஜீப்புகளில் அந்த 1968க்குப் பின் இந்தியாவில் உருவானவை ஏராளம். அவற்றின் மின்சாமான்கள் சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்.ஸினுடையவையாக இருக்கலாம், டீசல் வண்டியென்றால் இன்ஜெக்‌ஷன் பம்பு பெங்களூர் மைக்கோவினுடையதாக இருக்கலாம், போல்ட்டுகளில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸின் டி.வி.எஸ். முத்திரை இருக்கலாம். 1978 மாடல் ஜீப்பில் அமெரிக்க மறுதயாரிப்பு டைனமோவை மாட்டினால் அது எவ்வளவு பளபளத்தாலும் அந்த வண்டிக்கு அந்நியச் சாமான்தான்.

இதன் உச்சத்தைப் போர்க்கால வேடத்தில் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஜீப்புகளின் அச்சுக் கிரில்லில் ஒன்பது பிளவுகள்; போருக்குப் பின் வந்த வில்லிஸ் சி.ஜே. வண்டிகளில் ஏழு. ஃபோர்டு தன் ஜீப்பின் போல்ட்டுத் தலைகளில்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்தது; அந்த எழுத்துள்ள போல்ட்டுகள் இன்று மறுதயாரிப்பாகவும் கிடைக்கின்றன. ஏலத்தோட்டத்தில் உழைத்த ஒரு ஜீப்புக்கு ஒன்பது பிளவுக் கிரில்லும் ராணுவப் பச்சையும் எஃப் போல்ட்டும் போட்டால், அது எங்கேயும் எப்போதும் இருந்திராத ஒரு வண்டியாகிவிடுகிறது. அதன் சொந்தக் கதை அழிந்து, இரவல் கதையும் ஒட்டாமல் போகிறது. நான்கு வழிகளில் வெளிநாட்டு மறுதயாரிப்பைக் கடைசியில் வைப்பதற்கு விலையைவிட இதுவே பெரிய காரணம்.

போல்ட்டிலேயே இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். வில்லிஸ் வழிவந்த சேஸிஸும் கியர்பாக்ஸும் அங்குல மரையில் செய்யப்பட்டவை. மஹிந்திரா 1979இல் பியூஜோவுடன் ஒப்பந்தம் போட்ட பின் வந்த எக்ஸ்.டி.பி. டீசல் இன்ஜினோ மெட்ரிக். அதனால் எம்.எம்.540 போன்ற வண்டியில் இரண்டு மரைக் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. ஐந்தின் கீழ் பதினாறு அங்குல போல்ட்டின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர், எட்டு எம்.எம். போல்ட்டோடு ஒப்பிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. "எட்டு போட்டுரலாம்ணே, கும்முன்னு நிக்கும்" என்று ஒர்க்‌ஷாப் பையன் சொல்வதும் அதனால்தான். ஆனால் அங்குல நயமரையில் ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று, பெருமரையில் 18, எட்டு எம்.எம். போல்ட்டில் சுற்றுக்குச் சுற்று 1.25 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 20. இரண்டு மூன்று சுற்று இறங்கும், பிறகு இறுகும். அதைப் பிடிப்பு என்று நம்பி ஸ்பானரை அழுத்தினால் வண்டியின் மரை போய்விடும். போல்ட்டு போனால் வாங்கலாம், வார்ப்பில் மரை போனால் அந்த வார்ப்பே போனது போல. தலையைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம்: மூன்று கோடுகள் இருந்தால் அங்குலத்தில் ஐந்தாம் தரம், ஆறு கோடுகள் எட்டாம் தரம், 8.8 என்று எண் இருந்தால் மெட்ரிக். கையில் ஒரு மரை கேஜ் இருந்தால் சந்தேகமே வராது.

வண்டியோடு வந்ததை முதலில் வைப்பதற்குக் காரணம், வண்டியின் தேதியை அது மட்டுமே சான்றோடு சொல்கிறது. எந்த மாதம் எந்தக் கம்பெனிச் சாமான் பூட்டப்பட்டது என்று அச்சிட்ட கையேடு சொல்லாததை, வண்டியில் ஒட்டியிருக்கும் சாமானே சொல்லும். துரு ஏறிய கொக்கியையும் கீலையும் துருநீக்கித் துத்தநாக முலாம் போட்டுக்கொள்ளலாம். ஏல மலையின் மூடுபனிக்கு அந்த முலாம் அவசியமும்கூட. ஒரு எச்சரிக்கை: 10.9 போன்ற உயர்வலிமை போல்ட்டுகளை ஆசிட்டில் ஊறவைத்து முலாம் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகு நொறுங்கும் தன்மை பெறும். முலாம் போட்ட கையோடு சில மணி நேரம் சூட்டடுப்பில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அதற்கு வசதியில்லாத பட்டறையில் அந்த போல்ட்டுகளைக் கொடுக்காதீர்கள்.

பழைய சரக்கைத் தேட சென்னையில் புதுப்பேட்டை, டெல்லியில் காஷ்மீரி கேட், ராணுவம் கழித்த ஜீப்புகளைப் பிரித்துக் கோர்ப்பதற்குப் பேர்போன ஹரியானாவின் மண்டி டப்வாலி என்று இடங்கள் உண்டு. விளக்கு, கேஜ், கார்புரேட்டர், கைப்பிடி போன்ற உலோகச் சாமானுக்கு இது அருமையான வழி. ரப்பருக்கு ஆகவே ஆகாது. பிரிக்காத பெட்டியில் இருந்தாலும் முப்பது வருஷத்து பிரேக் கப்பும் ஹோஸும் உள்ளுக்குள் செத்துப்போனவை. பெட்டியின் பழமையை நம்பிப் பணம் கொடுப்பதும் கூடாது. பெட்டியை இன்றைக்கும் அச்சடிக்கலாம். வார்ப்பில் பதிந்த பெயரையும் எண்ணையும், உங்கள் வண்டியில் மிச்சமிருக்கும் ஜோடிச் சாமானோடு வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். உள்ளூரில் புதிதாகச் செய்வது புஷ், பின், ஸ்பேசர், பிராக்கெட் ஆகியவற்றுக்குப் பொருந்தும். லேத்தில் பித்தளை புஷ் கடைவதற்கு மாதிரி கொடுத்தால் போதும். கிரில்லையும் டேஷ்போர்டு தகட்டையும் மட்டும் புதிதாகச் செய்யச் சொல்லாதீர்கள். தகட்டில் எண் பொறிப்பது புதுப்பிப்பு வேலையே அல்ல, ஆவணத்தைத் திருத்தும் வேலை.

இனி உயிரைத் தாங்கும் சாமான்கள். பழைய ஜீப்பின் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். போடிமெட்டு இறக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், எரிபொருள் குழாய் ஆகியவற்றில் பழைமைக்கு மதிப்பெண் கிடையாது. நல்ல கம்பெனியின் புதிய சாமான் மட்டுமே. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போட முடிந்தால் போடுங்கள். பழையதைத் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். துருவே ஏறாது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டை எல்லா இடத்துக்கும் பரிந்துரைப்பார்கள். வழக்கமாகக் கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கல் அழுத்தத்திலேயே நிலையாக நீளத் தொடங்கும், 8.8 தர எஃகு 640 வரை தாங்கும். ஸ்பிரிங் ஷேக்கிளிலும் ஸ்டீயரிங்கிலும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு இடமில்லை. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டு இடது மரையாக இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். தெரியாமல் திருகி ஸ்டட்டை முறித்த பிறகு, ஒரே அச்சில் கலப்பு ஸ்டட்டுகளோடு வண்டியை வெளியே விடக் கூடாது.

இந்த வரிசைக்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. மலை ஜீப் என்றைக்குமே கிடைத்ததைப் போட்டு ஓடிய வண்டி. போடியிலோ கம்பத்திலோ கடைந்த புஷ்ஷும் லாரி விளக்கும் அதன் உண்மையான வரலாறு. கம்பெனிக் கோலத்துக்குத் திருப்புவது அந்த உழைப்பைத் துடைத்தெறிவதாகாதா? இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வண்டியோடு வந்த சாமானுக்கு முதலிடம் கொடுத்தேன். நாற்பது வருஷமாக வேலை செய்யும் உள்ளூர் புஷ்ஷும் வண்டியோடு வந்ததுதான். நன்றாக இருந்தால் அதை மாற்ற வேண்டாம். ஆனால் போன வருஷம் அவசரத்துக்கு ஒட்டிய பிளாஸ்டிக் விளக்கை அந்த வரலாற்றில் சேர்க்க முடியாது. ஓடும் வண்டிக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சட்டமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' வரிசையில் தனிப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விட முடியாது. ஆகவே ஆள் ஏற்றும் ஜீப்புக்கு அந்தப் பாதை வேண்டாம். அதற்குப் பிரேக்கையும் சக்கரத்தையும் சரிசெய்து ஓடவிடுங்கள். 1975க்கு முந்தைய பெட்ரோல் இன்ஜின் இன்னும் உள்ளேயே இருக்கும் ஜீப் உங்களிடம் இருந்தால், டீசலுக்கு மாற்றச் சொல்லும் யோசனைக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் ஒரு மதியம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கொக்கியையும் போல்ட்டுத் தலையையும் இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். கழற்றிய சாமானை இடத்தின் பெயர் எழுதிய பையில் போட்டு, மெக்கானிக்கிடம் கொடுக்காமல் உங்கள் வீட்டுக்கே எடுத்துப் போங்கள். மாற்றுச் சாமான் பொருந்தி, வண்டி மேட்டுக்கு ஏறி இறங்கும் வரை பழையதை இரும்புக் கடைக்கு எடை போடாதீர்கள்.