கோபம் வரும்போது கொஞ்சம் நின்று பார்ப்போம்



"எங்க ஊக்குநர் ரொம்பப் பொறுமைசாலி" என்று சில குழுக்களில் சொல்வீர்கள். தவணை எல்லாம் தேதி தவறாமல் வந்து, நோட்டும் சரியாக இருந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்காது? இதைப் பற்றி புத்தர் தன் பிக்குகளுக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார். பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயம் என்ற நூலில் அது இருக்கிறது.

சாவத்தி என்று ஒரு நகரம். இன்றைக்கு உத்தரப்பிரதேசத்தில் இருக்கிற சிராவஸ்திதான் அது. அங்கே வேதேகிகா என்று ஒரு வீட்டுக்காரம்மா. சாந்தமானவர், பணிவானவர் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் வீட்டில் வேலை பார்த்தவள் காளி. நல்ல சுறுசுறுப்பு, வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. காளிக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் கிடையாதா, இல்லை நம்ம வேலை சுத்தமாக இருப்பதால் அது வெளியே வரவில்லையா? சோதித்துப் பார்க்க, நன்றாக விடிந்த பிறகு எழுந்தாள். அம்மா முகத்தைச் சுளித்தார். அடுத்த நாள் இன்னும் தாமதம், திட்டு விழுந்தது. அதற்கு அடுத்த நாள் கதவுத் தாழ்ப்பாளை எடுத்து மண்டையில் ஒரு போடு! ரத்தம் வழிய வழிய காளி அக்கம்பக்கத்தாரிடம் போய்க் காட்டினாள். அவ்வளவு நல்ல பேரும் போச்சு.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காளி மேல்தான் பரிவு. அந்தம்மாவின் நல்ல பேருக்குப் பின்னால் இருந்தது இவள் உழைப்பு. அதை யார் பேசினார்கள்?

இனி என் கதை. ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா இரண்டு தவணை கட்டவில்லை. குழுவுக்குக் கிரேடிங் நெருங்கிய நேரம். "வாங்கும்போது இனிச்சுதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அவருடைய கறவை மாடு செத்துப்போனது, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சமூகப்பணி படித்த நானும் தாழ்ப்பாளைத்தான் எடுத்திருக்கிறேன்.

புத்தர் இன்னொரு இடத்தில் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசுகிறார். உடம்பில் படும் வலி முதல் அம்பு. அதை நினைத்து மனசு புலம்பிப் புழுங்குவது இரண்டாவது. இந்த இரண்டாவது அம்பை நமக்கு நாமே எய்துகொள்கிறோம். சில நேரம் அடுத்தவர் மேலும் எய்துவிடுகிறோம், நான் செய்த மாதிரி.

அந்த அம்பு கையில் இருக்கும்போதே கண்டுபிடிக்கத்தான் கவனப் பயிற்சி. பாலியில் இதைச் 'சதி' என்பார்கள் (நம்ம ஊர் சதித்திட்டம் இல்லைங்க!). இதற்குத் தனி இடம், தனி நேரம் வேண்டியதில்லை. நடக்கும்போது நடக்கிறேன், உட்காரும்போது உட்கார்ந்திருக்கிறேன் என்று அறிந்திருக்கச் சொன்னார் புத்தர். குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும், பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில், மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மனசு ஓடும். கடன், பிள்ளை படிப்பு, மாமியார் சொன்ன சொல் என்று ஓடத்தான் செய்யும். ஓடுகிறது என்று தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவதுதான் பயிற்சி. பழகப் பழக, கோபம் வரும்போது காது சூடாவதும் நெஞ்சு படபடப்பதும் முன்கூட்டியே தெரியும். வாய் திறப்பதற்குள் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டில் அடி வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது பொறுமை ஆகாது. காளி அடியை மறைக்கவில்லை, நாலு பேரிடம் காட்டினாள். 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். குழுவிலும் சொல்லுங்கள்.

அந்த அக்கா வீட்டுக்கு மறுவாரம் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தார். "தவணையப் பத்திக் கூட்டத்துல பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த கூட்டத்தில் மூன்று மாத அவகாசம் கொடுத்து உறுப்பினர்கள் தீர்மானம் எழுதினார்கள். அவர் வந்து கையெழுத்துப் போட்டார், என் பக்கம் திரும்பவில்லை.