வேட்டியும் உண்டு, யூனிபார்மும் உண்டு: தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வரும் ராணுவத் தம்பிக்கு

கேள்வி: நான் ராணுவத்தில் ஹவில்தார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் முகூர்த்தம், மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. என்னை யூனிபார்மில் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அப்பாவுக்கு நான் வேட்டி கட்டி நிற்க வேண்டும். "மேலே யூனிபார்ம் சட்டையும் மெடலும் போடு, கீழே பட்டு வேட்டி கட்டு, ரெண்டு பேர் ஆசையும் தீர்ந்துரும்" என்கிறார் தாய்மாமா. ஸ்காட்லாந்து சிப்பாய்கள் ராணுவக் கோட்டுக்குக் கீழே கில்ட் என்ற இடுப்புடை கட்டுகிறார்கள். நாம் வேட்டி கட்டினால் என்ன என்று எனக்கும் தோன்றுகிறது. எது சரி?

பதில்: தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகூர்த்தத்துக்கு முழுசாக வேட்டி சட்டை. வரவேற்புக்கு, யூனிட் அனுமதி தந்தால், முழுசாக யூனிபார்ம். இரண்டையும் கலக்க வேண்டாம். மாமா நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த யோசனையில் வேட்டிக்கும் மரியாதை இல்லை, யூனிபார்முக்கும் மரியாதை இல்லை.

கில்ட் கதை வேறு

ஸ்காட்லாந்து உதாரணத்தை நீங்களே எடுத்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஸ்காட்லாந்தில் எழுந்த 1745-46 கலகத்தை அடக்கிய கையோடு, பிரிட்டிஷ் அரசு ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் பாரம்பரிய உடையைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. தடை 1782 வரை நீடித்தது. அதிலிருந்து விலக்கு பெற்றவர்கள் அரசின் படையில் இருந்த மலைநாட்டு வீரர்கள். ஊருக்குள் கட்ட முடியாத கில்ட்டை அவர்கள் படையில் கட்டினார்கள். அந்த உடை அழியாமல் பிழைத்ததில் ராணுவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே கில்ட் அங்கே வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்ட துணி இல்லை. எந்தப் படைக்கு எந்தக் கட்டம் போட்ட டார்ட்டன் துணி, முன்னால் தொங்கும் பை எப்படி இருக்க வேண்டும், காலுறை எது, அதற்கு மேலே என்ன கோட்டு என்று எல்லாமே விதியில் உள்ளவை. 2006-இல் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து உருவானபோது எல்லா பட்டாலியனுக்கும் ஒரே டார்ட்டன் துணியைத்தான் வைத்தார்கள். அந்தக் கில்ட்டும் இன்று அணிவகுப்புக்கும் விழாவுக்கும் உரிய உடை. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்திலேயே கில்ட்டைப் போர்க்களத்திலிருந்து விலக்கிவிட்டார்கள்.

பிஜித் தீவு நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். அங்கே ஆண்கள் இடுப்பில் சுற்றும் சுலு நம் வேட்டியின் உறவு என்றே சொல்லலாம். அந்நாட்டு ராணுவத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, ஓரம் பல் பல்லாக வெட்டிய வெள்ளைச் சுலு சடங்கு உடையாகவே இருக்கிறது. நம் ராணுவத்திலும் சீக்கியரின் தலைப்பாகை இதே வழியில்தான் வந்தது. ஒரு சமூகத்தின் உடையைப் படை தன் விதிக்குள் ஏற்றுக்கொண்ட பிறகு அது யூனிபார்ம். வேட்டியை நம் ராணுவம் அப்படி ஏற்கவில்லை. 1758-இல் தொடங்கிய வரலாறும் வெலிங்டனில் பயிற்சி மையமும் உடைய மதராஸ் ரெஜிமென்ட்டிலும் யூனிபார்மில் வேட்டி கிடையாது. விதியில் இல்லாத ஒன்றை யூனிபார்மோடு சேர்க்க ஹவில்தாருக்கும் அதிகாரம் இல்லை, ஜெனரலுக்கும் அதிகாரம் இல்லை.

சிப்பாய்க்கு உடை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வேலூர் சாட்சி. ஆங்கிலேய அதிகாரிகள் சிப்பாய்கள் மேல் புதுத் தலைப்பாகையைத் திணித்தார்கள். நெற்றிக் குறியும் காதுக் கடுக்கனும் கூடாது என்றார்கள். 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் வெடித்த கிளர்ச்சிக்கு அது முக்கியக் காரணம். உங்கள் யூனிபார்மை யாரும் திணிக்கவில்லை. நீங்களே ஓடி, எழுதித் தேறி, விரும்பிப் போட்டுக்கொண்டது. அதைப் பாதியாக்கி மேடையில் காட்ட வேண்டாம்.

முகூர்த்தத்துக்கு ஏன் வேட்டி

அன்று காலையில் உங்கள் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். பெண்ணின் உடன்பிறந்தவனுக்கு மணவறையில் சடங்கு உண்டு. உங்கள் குடும்ப வழக்கப்படி மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டியிருக்கலாம், மோதிரம் போட வேண்டியிருக்கலாம், தங்கை கையில் பொரி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கலாம். எல்லாமே குனிந்தும் சம்மணம் போட்டும் தீக்குப் பக்கத்தில் செய்கிற காரியம். மடிப்புக் கலையாத பேண்ட்டும் இறுக்கிய பெல்ட்டுமாகத் தரையில் உட்கார்ந்தால் பக்கிள் வயிற்றில் குத்தும், முழங்காலில் சுருக்கம் விழும், குனியும்போது மெடல்கள் ஆடி மாலையில் சிக்கும். பாலியெஸ்டர் கலந்த துணியில் ஹோமப் பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். வேட்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கோயிலுக்கும் யூனிபார்முக்கும் ஒத்துவராத இடங்கள் உண்டு. இலஞ்சிக் குமாரர் கோயிலோ பண்பொழித் திருமலையோ குற்றாலநாதர் கோயிலோ, எங்கே முகூர்த்தம் என்றாலும் ஷூவை வாசலில் விட வேண்டும். தோல் பெல்ட்டையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, அச்சன்கோவில் என்று போனால் ஆண்கள் சட்டையே இல்லாமல் நிற்கும் வழக்கம். ஷூவும் பெல்ட்டும் தொப்பியும் போன பிறகு மிச்சம் இருப்பது யூனிபார்ம் ஆகாது.

வேட்டியில் நின்றால் ராணுவக்காரன் என்ற மதிப்புக் குறையுமோ என்று சங்கடப்பட வேண்டாம். 2014 ஜூலையில் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஒரு கிரிக்கெட் கிளப்பில் உள்ளே விட மறுத்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. வேட்டிக்குத் தடை போடும் கிளப்பின் உரிமம் போகும், பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறையும் உண்டு என்கிறது அது. வேட்டி முழு மரியாதை உள்ள உடை.

கட்டிப் பழக்கம் விட்டுப்போயிருந்தால் எட்டு முழ வேட்டி எடுங்கள். இரட்டையாக மடிந்து நிற்பதால் நாலு முழத்தைப் போல உள்ளே தெரியாது, காற்றுக்கு விலகாது. பட்டு வழுக்கும் என்று பயந்தால் நல்ல பருத்தி வேட்டியில் ஜரிகைக் கரை போதும். வெல்க்ரோ வைத்த வேட்டியைக் கட்டுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் வெல்க்ரோவை மட்டும் நம்பாமல் உள்ளே ஒரு மெல்லிய பெல்ட் போடுங்கள். புது வேட்டியை ஒரு முறை நனைத்துக் கஞ்சி போட்டு, முந்தின நாளே கட்டி நாலு தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். வேட்டி சட்டையின் மேல் மெடல் குத்த வேண்டாம்.

வரவேற்புக்கு யூனிபார்ம்

அம்மாவின் ஆசைக்கு இதுதான் நேரம். அதற்கு முன் மூன்று காரியம்.

முதலாவது அனுமதி. லீவில் இருக்கும்போது குடும்ப விழாவில் யூனிபார்ம் போடுவது சொந்த விருப்பத்தில் முடிகிற விஷயம் இல்லை. லீவு எழுதும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள். சுபேதார் சாப் மூலமாக கமாண்டிங் ஆபீசர் (சி.ஓ.) வரை போய் வரட்டும். எந்த உடை, எத்தனை மணிக்கு, எந்த இடம் என்று தெளிவாக எழுதுங்கள். அனுமதி வரவில்லை என்றால் கழுத்து மூடிய கோட்டும் பேண்ட்டும் போடுங்கள். அதிலும் அம்மா மனம் நிறையும்.

இரண்டாவது முழுமை. பெரட் அல்லது உங்கள் படைக்குரிய தலையணி, பெல்ட், லேன்யார்டு, பெயர்ப்பட்டை, பாலிஷ் போட்ட ஷூ என்று எதுவும் குறையக் கூடாது. களத்தில் போடும் கட்டம் கட்டமான உடுப்பு கல்யாண மேடைக்கு வேண்டவே வேண்டாம். சடங்கு உடைக்கு முழு மெடல், அன்றாட உடைக்கு ரிப்பன், அதிகாரிகளின் மெஸ் உடைக்குச் சிறிய அளவு மெடல் என்பது வழக்கம். வரிசை மாறாமல் இருக்கிறதா என்று யூனிட்டிலேயே சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.

மூன்றாவது நடத்தை. மேடையில் தங்கையும் மாப்பிள்ளையும்தான் நடுவில். படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். யூனிபார்மின் மேல் பூமாலை போட வந்தால் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உடையில் மது தொட வேண்டாம், டிஜே பாட்டுக்கு ஆட வேண்டாம். பந்திக்கு உட்காரும் முன் போய் மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. மறுநாள் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வேட்டிதான். தேங்காய்ப் பாலும் மஞ்சளும் பட்ட கறை ஒலிவ் பச்சையிலிருந்து லேசில் போகாது.

சாரலில் துணி காப்பது

ஆவணியிலும் இந்தப் பக்கம் சாரல் விடாது. குற்றாலத்துக் காற்றில் துணி காயாது, பித்தளை மங்கும், ஷூவுக்குள் பூஞ்சை பிடிக்கும். யூனிபார்மை டிரங்குப் பெட்டியில் மடித்துக் கொண்டுவராமல் கோட்டு உறையில் ஹேங்கரோடு கொண்டுவாருங்கள். பொதிகை ரயிலில் வந்தால் சீட்டுப் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் உறையைத் திறந்து மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். இஸ்திரி போடும்போது மேலே ஈர வெள்ளைத் துணி விரித்துத் தேய்த்தால் துணி பளபளக்காது. பித்தளைப் பக்கிளுக்குப் பிராசோ சரி. முலாம் பூசிய பொத்தானில் போட்டால் முலாம் உரிந்துவிடும். மெடலைத் தேய்க்கவே வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் எப்படியும் ஐந்தருவிக்கு இழுப்பார்கள். அருவிக் குளியல் முடிந்த பிறகுதான் வரவேற்பு உடை உறையை விட்டு வெளியே வர வேண்டும்.

பேனர், போட்டோ, சேக்காளிகள்

நம் ஊரில் கல்யாணம் என்றால் மண்டப வாசலில் பேனர். சேக்காளிகள் ஆசையாக உங்கள் யூனிபார்ம் படத்தைப் போட்டு, எந்த யூனிட், எந்த எல்லையில் வேலை என்பது வரை அச்சடித்துவிடுவார்கள். முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். பத்திரிகையிலும் பேனரிலும் "இந்திய ராணுவம்" என்ற இரண்டு சொல் போதும். யூனிட் பெயரும் பணியிடமும் வெளியே வரக் கூடாது. யூனிபார்மில் எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம் என்று போட்டோகிராபரிடமும் சொல்லிவையுங்கள். இதில் ராணுவம் கண்டிப்பாக இருக்கிறது. அந்தக் கண்டிப்பு உங்கள் பாதுகாப்புக்குத்தான்.

உங்களைக் கௌரவிக்கிறோம் என்று தம்பிமார் ராணுவ உடுப்பு மாதிரி சட்டை தைத்துப் போட்டால் அன்போடு வேண்டாம் என்று சொல்லுங்கள். 2022 ஜனவரி 15-இல் அறிமுகமான புதிய போர் உடுப்பின் வடிவம் ராணுவத்துக்கே உரியது, வெளிக்கடையில் விற்பதற்கு இல்லை. ராணுவத்தில் இல்லாதவர், ராணுவத்தார் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு அப்படி உடுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறைக்கு வழி இருக்கிறது. விளையாட்டாகப் போட்டாலும் வாசலில் வந்து விளக்கம் சொல்லும் நிலை எதற்கு?

வீட்டில் தாத்தாவின் மெடல் இருந்தால் அதை உங்கள் வரிசையில் சேர்த்துக் குத்த வேண்டாம். இடது மார்பு சம்பாதித்தவருக்கு உரிய இடம். மறைந்தவரின் மெடலை நெருங்கிய சொந்தம் வலது மார்பில் அணிவது அஞ்சலி நிகழ்ச்சிகளுக்கான வழக்கம். கல்யாண மண்டபத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வையுங்கள், வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். ஓய்வுபெற்ற பெரியப்பா, சித்தப்பா இருந்தால் அவர்களுக்குக் கோட்டும் பேண்ட்டும் கம்பீரமாக இருக்கும். பழைய யூனிபார்மைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. ராணுவத்திலோ மத்திய ரிசர்வ் போலீஸிலோ இருக்கும் மணப்பெண்களுக்கும் இதே கணக்குதான். தாலி ஏறும்போது கூறைப்புடவை, அனுமதி இருந்தால் வரவேற்புக்கு யூனிபார்ம்.

மாமாவிடம் நீங்களே நேரில் பேசுங்கள். ரெண்டு பேர் ஆசையும் தீர வேண்டும் என்றுதானே அவர் சொன்னார்? காலையில் அப்பாவுக்கு வேட்டி, மாலையில் அம்மாவுக்கு யூனிபார்ம் என்றால் அவர் சொன்னது நடந்துவிட்டது. ஆவணிக்கு அதிக நாள் இல்லை. யூனிட்டுக்குக் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள். எட்டு முழ வேட்டிக்கு அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.